ஐ9 வெச்சிருந்தா அப்பாடக்கரா?

எந்த காலேஜ் ஹாஸ்டலுக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. கம்ப்யூட்டர் வெச்சிருக்கிற ரெண்டு பசங்க சந்திச்சா முதல் கேள்வி ‘உன் பேர் என்ன?’ இல்லை... ‘என்ன பிராசஸர்?’தான்! ‘ஐ5’னு சொன்னா, ‘ஓ...’ன்னு ஒரு பதில் வரும். ‘ஐ9’னு சொன்னா, ‘ஓஓஓ!’ன்னு கண்ணு விரியும்.

அந்த எக்ஸ்ட்ரா ரெண்டு ‘ஓ’வுக்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம் பாஸ்? இதுதான் மேட்டர்.

கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றது எனக்குப் பொழுதுபோக்கு. ஸ்க்ரூ டிரைவரும் கையுமா அலையறவன்னு சொந்தத்துல பேரு எடுத்துட்டேன். அதனால யார் வீட்டுல கம்ப்யூட்டர் வாங்கினாலும் எனக்கு போன் வந்துடும். 2024 தீபாவளிக்கு வந்த போன், விருதுநகர்ல இருந்து. சித்தி பையன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருஷம்.

“அண்ணே, கம்ப்யூட்டர் வாங்கப் போறேன். ஒரு லட்சம். கேம் ஆடணும்!”

‘புராஜெக்ட் பண்ணணும், கோடிங் கத்துக்கணும்’னு கதை விடாம, கேம்னு நேராவே ஒத்துக்கிட்டான். நல்ல பையன்!

அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்ததுன்னும் சொல்லிடறேன். சித்தி வீட்டுலயே தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறாங்க. மாசம் ஐயாயிரம்னு இருபது மாசம் சீட்டு கட்டி, கடைசிச் சீட்டா எடுத்த பணம் அது. ஒவ்வொரு நூறு ரூபாய்லயும் ஏதோ ஒரு அக்காவோட கல்யாண பிளவுஸ் இருக்கு. அதனால அவன் வாட்ஸ்அப்ல அனுப்பின கொட்டேஷனைப் பார்த்ததும் எனக்கு ‘பக்’குன்னு ஆயிடுச்சு.

இன்டெல் கோர் ஐ9 - 14900கே, சுமார் 50 ஆயிரம். அதுக்கு மதர்போர்டு 16 ஆயிரம். அந்த பிராசஸர் டப்பால கூலர் வராதுங்கறதால தனியா லிக்விட் கூலர் 8 ஆயிரம். ராம், எஸ்.எஸ்.டி., கேபினெட், ஒரு டம்மி எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் சேர்த்து 18 ஆயிரம். மிச்சம் இருந்த 8 ஆயிரத்துக்கு..? செகண்ட் ஹேண்ட் ஜி.டி.எக்ஸ். 1650 கிராபிக்ஸ் கார்டு. 2019-ல வந்த மாடல். மானிட்டர்? மாமா ஆபீஸ்ல கழிச்சுப் போட்ட பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வீட்டுல இருக்காம்.

பட்டு வேட்டி கட்டி, காலுக்கு அறுந்த செருப்பு போட்ட மாதிரி இருந்தது எனக்கு!

பரோட்டா கடை ரகசியம்

கேம் ஆடும்போது உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா பாதிக் குழப்பம் தீர்ந்துடும். விருதுநகர்க்காரனுக்குப் புரியணும்னா பரோட்டாவை விட்டா வேற வழி ஏது? அந்த ஊர் எண்ணெய் பரோட்டா கடையில ரெண்டு மாஸ்டர் நிக்கறதா வெச்சுக்குங்க. ஒருத்தர் மாவை வீசி, சுருட்டித் தட்டிக் கொடுக்கறவர். இன்னொருத்தர் எண்ணெய்ல போட்டு முறுமுறுன்னு பொரிச்சு எடுக்கறவர்.

வீசறவர்தான் பிராசஸர். எதிரி எங்கே நிக்கிறான், நீங்க சுட்ட குண்டு அவன் மேல பட்டுச்சா, சுவர்ல பட்டுச்சா... இந்தக் கணக்கெல்லாம் போட்டு, ‘இந்தா, இந்தக் காட்சியை வரை’ன்னு தள்ளிவிடுறது அதோட வேலை. பொரிக்கிறவர் கிராபிக்ஸ் கார்டு. வெயில், நிழல், தண்ணி, புகைன்னு ஒவ்வொரு புள்ளியா வரைஞ்சு ஸ்கிரீனுக்கு அனுப்பறது அது.

இப்போ சொல்லுங்க. எண்ணெய்ச் சட்டியில ஒரு ஈடுக்குப் பத்து பரோட்டாதான் பொரியும்னா, நிமிஷத்துக்கு நூறு பரோட்டா வீசற மாஸ்டரை டபுள் சம்பளத்துக்குக் கூட்டிட்டு வந்து என்ன புண்ணியம்? பாவம், அவர் வீசிட்டு சும்மா நின்னுட்டு இருப்பார். ஐ9-ம் 1650-ம் சேர்ந்தா இதுதான் நடக்கும். ‘சைபர்பங்க் 2077’ மாதிரி கேம்ல செட்டிங்ஸை அடிமட்டத்துக்கு இறக்கினாலும் 60 ஃப்ரேமுக்கு அந்தக் கார்டு மூச்சு வாங்கும். பக்கத்துல ஐ9 ஹாயா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

பரோட்டா சைஸும் முக்கியம். 1080பி ஸ்கிரீன்ல மொத்தம் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே ஸ்கிரீன்ல சுமார் 83 லட்சம். அதாவது சரியா நாலு மடங்கு. வீசற வேலை ஏறக்குறைய அதேதான். பொரிக்கிற வேலைதான் நாலு மடங்கு ஆகும். அதனால ஸ்கிரீன் ரெசல்யூஷன் ஏற ஏற, விலை கூடின பிராசஸருக்கும் சாதா பிராசஸருக்கும் வித்தியாசம் சுருங்கிட்டே போகும். யூடியூப்ல ஐ9 உசரமா நிக்கற கிராஃப் பார்த்து மயங்கறதுக்கு முன்னாடி, கீழே எந்த கிராபிக்ஸ் கார்டு, எந்த ரெசல்யூஷன்னு ஒரு தடவை படிச்சிடுங்க. பிராசஸர்களோட வித்தியாசம் தெரியணும்னே அந்த டெஸ்ட்டை ரொம்ப காஸ்ட்லியான கார்டு போட்டு 1080பி-ல பண்ணுவாங்க. அதுல தப்பில்லை. ஆனா, அந்த கார்டு உங்க வீட்டுல இருக்கா?

‘வாலரன்ட்’ல கதை கொஞ்சம் வேற. அது லேசான கேம். கார்டுக்குப் பெரிய வேலை இல்லை. அங்கே பிராசஸர்தான் ராஜா. நல்ல கார்டு கூட இருந்தா ஐ9 நூத்துக்கணக்குல ஃப்ரேம் தள்ளும். ஆனா மாமா கொடுத்த மானிட்டர் செகண்டுக்கு 60 தடவைதான் படத்தை மாத்தும். மிச்ச ஃப்ரேம் எங்கே போகும்? மவுஸ் க்ளிக்குக்கு ரெஸ்பான்ஸ் கொஞ்சம் சீக்கிரம் கிடைக்கும். அதைத் தவிர கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது.

“அண்ணே, பாட்டில்நெக் ஆயிடும்ல?”

பிராசஸர் விலையைக் குறைன்னு சொன்னதுமே பய கேட்ட கேள்வி இது. இந்த ‘பாட்டில்நெக்’ங்கற ஒரு வார்த்தையைச் சொல்லியே பாதி காஸ்ட்லி பிராசஸரை நம்ம தலையில கட்டறாங்க.

“தம்பி, எந்த கம்ப்யூட்டர்லயும் ஏதாவது ஒண்ணு மத்ததைக் காக்க வெச்சுட்டுத்தான் இருக்கும். எது காக்கணும்கறதை நாமதான் முடிவு பண்ணணும். கேமுக்கு, கார்டு முழுசா உழைச்சு பிராசஸர் கொஞ்சம் காத்திருந்தா நல்லது. ஏன்னா, நீ கண்ணால பார்க்கிறது கார்டு வரையறதைத்தான்!”

அதுக்காக ரொம்பவும் கீழே இறங்கிடக் கூடாது. நாலு கோர் பிராசஸர்ல இன்னிக்கு வர்ற பெரிய கேம்கள் ஓடும். ஆனா சண்டை உச்சத்துல இருக்கும்போது டக் டக்னு மாட்டி மாட்டி நிக்கும். சராசரி ஃப்ரேம் 70-னு காட்டும். ஆனா நடுநடுவே 20-க்கு விழும். அந்த விழுகைதான் எரிச்சலே! 2020-ல வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ரெண்டுலயும் இருக்கிறது ஏ.எம்.டி.யோட ‘ஜென் 2’ வகை 8 கோர் பிராசஸர். பெரிய கம்பெனிகள் கேம் பண்ணும்போது அதை மனசுல வெச்சுத்தான் பண்றாங்க. அதைவிட வேகமான, புதுத் தலைமுறை 6 கோர் பிராசஸர் ஒண்ணு இருந்தா பெரும்பாலான கேம்களுக்கு அது தாராளம். 24 கோர் வாங்கி வெச்சா, முக்கால்வாசி கோருங்க கடைசி பெஞ்ச்ல தூங்கும். நம்ம மாதிரியே!

காஸ்ட்லி தோத்த கதை

‘விலை கூடினா வேகம் கூடும்’கறது துணிக்கடையிலயே உண்மை இல்லை. இங்கே மட்டும் எப்படி இருக்கும்?

1998 ஆகஸ்ட்டுல இன்டெல் ஒரே நாள்ல ரெண்டு பிராசஸர் விட்டுச்சு. 669 டாலருக்கு பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ். 149 டாலருக்கு செலரான் 300ஏ. கேம் பசங்க சும்மா இருப்பாங்களா? மதர்போர்டுல பஸ் வேகத்தை 66-ல இருந்து 100-க்கு ஏத்தி, செலரானை 450 மெகாஹெர்ட்ஸ்ல ஓட விட்டாங்க. ஏகப்பட்ட பிராசஸர் அந்த வேகத்தைத் தாங்கிச்சு. கேம்ல பென்டியம் 2-க்குத் தோளோட தோள் நின்னுச்சு, கால்வாசிக்கும் குறைஞ்ச விலையில!

2016-ல இன்டெல் ஐ7 - 6950எக்ஸ். 10 கோர். விலை, மயங்கி விழுந்துடாதீங்க... 1,723 டாலர்! அதே காலத்துல 350 டாலர் விலையில 4 கோர் ஐ7 - 6700கே இருந்தது. பல கேம்கள்ல ஜெயிச்சது யாரு? 350 டாலர் தம்பிதான். அப்போ கேம்கள் நிறைய கோர்களைப் பயன்படுத்தலை. ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம்கறதுதான் கணக்கு. சரி, ‘பின்னாடி உதவும்’னு 1,723 டாலர் கொடுத்து வெச்சிருந்தவங்க கதி? 2019-ல ஏ.எம்.டி. 12 கோர் ரைசன் 9 3900எக்ஸை 499 டாலருக்குக் கொண்டு வந்துடுச்சு. எதிர்காலத்துக்குன்னு வாங்கினது, மூணே வருஷத்துல பழங்காலம்!

2024-லயும் இதே கூத்துதான். ஆகஸ்ட்டுல 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ் 649 டாலருக்கு வந்தது. நவம்பர்ல 8 கோர் ரைசன் 7 9800எக்ஸ்3டி 479 டாலருக்கு வந்தது. கேம்ல முந்தறது பின்னாடி வந்த சின்னது!

எப்படி? சமையல்கட்டுல அஞ்சறைப் பெட்டி இருக்குல்ல, அதுதான் காரணம். கடுகு, மிளகு, சீரகம் எல்லாம் கைக்கெட்டற தூரத்துல இருந்தா தாளிப்பு படபடன்னு நடக்கும். ஒவ்வொண்ணுக்கும் மளிகைக் கடைக்கு ஓடினா? பிராசஸருக்குள்ளயே இருக்கிற கேஷ் மெமரி அஞ்சறைப் பெட்டி. வெளியே இருக்கிற ராம், தெருமுனை மளிகைக் கடை. எக்ஸ்3டி-ல பெட்டி பெருசு... 96 எம்.பி. கேம்ல அடிக்கடி கேட்கற தகவல்ல நிறைய அதுக்குள்ளயே அடங்கிடும். 1998-ல செலரான் ஜெயிச்சதும் இதே கேஷாலதான். அளவு சின்னதுதான், 128 கே.பி. ஆனா சிப்புக்குள்ளயே இருந்து பிராசஸரோட முழு வேகத்துல ஓடிச்சு. பென்டியம் 2-ல 512 கே.பி. இருந்தும் பாதி வேகம்தான். ஆக, கேம் பிராசஸர் வாங்கும்போது ‘எத்தனை கோர்?’னு மட்டும் கேட்காதீங்க. ‘பெட்டி எவ்வளவு பெருசு?’ன்னும் கேளுங்க!

யாருக்கு ஓகே?

‘அப்ப காஸ்ட்லி பிராசஸரே தண்டமா?’ன்னு கொடி பிடிச்சு வந்துடாதீங்க. என் ரூம்மேட் 16 கோர் வெச்சிருக்கான். நான்தான் மாட்டிக் கொடுத்தேன். அவன் கல்யாண வீடியோ எடிட் பண்ணி சம்பாதிக்கிறவன். முகூர்த்த சீசன்ல ஒரு வீடியோ எக்ஸ்போர்ட் ஆகும்போதே அடுத்ததை எடிட் பண்ணணும். அவனுக்கு மிச்சமாகற ஒவ்வொரு மணி நேரமும் காசு. அவன் போட்ட பணத்தை அந்த பிராசஸரே சம்பாதிச்சுக் கொடுத்துடுச்சு.

240 ஹெர்ட்ஸ் மானிட்டர், பெரிய கிராபிக்ஸ் கார்டு எல்லாம் ஏற்கெனவே வெச்சு, ‘கவுன்டர் ஸ்ட்ரைக் 2’ போட்டிக்குப் போற ஆளா? உங்களுக்கு ஒரு ஃப்ரேம் 4.2 மில்லி செகண்டுல தயாராகணும். வீசற மாஸ்டர் வேகம் அங்கே கட்டாயம் தெரியும். ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2’ல லட்சம் பேர் வாழற ஊர் கட்டறவங்க, ‘ஃபேக்டோரியோ’ல ராட்சசத் தொழிற்சாலை கட்டறவங்க, ஃப்ளைட் சிமுலேட்டர் பைத்தியங்கள்... உங்களுக்கும் நல்ல பிராசஸர் நியாயம்தான். அதுலயும் பெரிய பெட்டி வெச்சதா பார்த்து வாங்குங்க.

சித்தி பையன் இந்த லிஸ்ட்ல எங்கேயும் இல்லை. அவன் ஆடறது வாலரன்ட், ஜி.டி.ஏ. 5, ஆசைப்படறது சைபர்பங்க். ஃபேன் மட்டும் ஓடற ரூம். ஐ9 - 14900கே முழு மூச்சா உழைச்சா 253 வாட்ஸ் வரைக்கும் இழுக்கலாம்னு இன்டெல் கணக்கே சொல்லுது. கேம்ல அவ்வளவு போகாதுன்னாலும், அக்னி நட்சத்திரத்துல விருதுநகர்ல இருந்து பாருங்க, தெரியும்! இதுல இன்னொரு தலைவலி... 13, 14-ம் தலைமுறையில சில பிராசஸர்கள், முக்கியமா ஐ7, ஐ9 மாடல்கள், திடீர் திடீர்னு கிராஷ் ஆகறதை 2024-ல இன்டெல்லே ஒத்துக்கிட்டு, மைக்ரோகோட் அப்டேட் விட்டு, வாரன்ட்டியை ரெண்டு வருஷம் நீட்டிச்சது.

சித்தியோட கேள்வி

பய ஒரு வழியா இறங்கி வந்துட்டான். ஆனா போனை சித்தி வாங்கினாங்க.

“ஏம்ப்பா, பணத்தைப் பார்க்காத. ஒரு தடவை வாங்குறது. இருக்கறதுலயே நல்லதா வாங்கிக் கொடுத்துடு. இன்னொரு தடவை என்னால சீட்டு போட முடியாது.”

இதுக்கு என்ன பதில் சொல்றது? நம்ம வீடுகள்ல எல்லாமே அப்படித்தானே வந்தது... கிரைண்டர், பீரோ, தையல் மெஷின். நல்லதா ஒண்ணு வாங்கினா இருபது வருஷம். அந்தக் கணக்கு தப்பே இல்லை. ஆனா பிராசஸர் கிரைண்டர் இல்லையே! கெட்டுப் போகாது, ஆனா பழசாயிடும். எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் பழசாயிடும்.

அதனால சித்திக்குப் புரியற பாஷையிலேயே சொன்னேன். “சித்தி, மெஷின் நல்லா இருந்தா ஊசியை மட்டும் மாத்திக்கலாம்ல? அப்படி ஒண்ணு வாங்கித் தர்றேன்.”

சும்மா சமாதானத்துக்குச் சொல்லலை. அந்த ஐ9 உட்கார்ற சாக்கெட்டுக்கு அதுதான் கடைசித் தலைமுறை. 2024 அக்டோபர்ல இன்டெல் அடுத்த பிராசஸரை வேற சாக்கெட்டுல விட்டுடுச்சு. ஏ.எம்.டி.யோட ஏ.எம்.5 சாக்கெட் 2022-ல வந்தது. குறைஞ்சது 2027 வரைக்கும் அதை விட மாட்டோம்னு கம்பெனி சொல்லியிருக்கு. இதுக்கு முந்தின ஏ.எம்.4-ல 2017-ல போர்டு வாங்கின பல பேர், பயாஸை மட்டும் அப்டேட் பண்ணிட்டு, 2022-ல வந்த 5800எக்ஸ்3டி-யை அதே போர்டுல மாட்டிக்கிட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு ஊசி மாத்தின கதை!

கடைசியா வாங்கினது இதுதான். ரைசன் 5 7600, 18 ஆயிரம். 6 கோர், 65 வாட்ஸ், டப்பாக்குள்ளயே கூலர். போர்டு 13 ஆயிரம். 32 ஜி.பி. ராம் ஒன்பதரை ஆயிரம். எஸ்.எஸ்.டி. அஞ்சரை. கேபினெட் நாலு. உருப்படியான எஸ்.எம்.பி.எஸ். ஆறு. ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு இருபத்தெட்டரை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 11 ஆயிரம். மொத்தம் தொண்ணூத்தஞ்சரை. வாலரன்ட் 144-ஐ அசால்ட்டா தாண்டுது. பய சந்தோஷத்துல ரெண்டு நாள் சாப்பிடலை.

மிச்சம் நாலாயிரத்து ஐந்நூறு. ‘அண்ணே, ஆர்.ஜி.பி. கீபோர்டு...’னு ஆரம்பிச்சான். முறைச்சேன். அந்தக் காசுல சித்தியோட தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டியாச்சு. மிதிச்சு மிதிச்சு முழங்கால் வலிக்குதுன்னு சொல்லிட்டு இருந்தாங்க. ஒரு லட்சத்துல வாங்கின பொருட்கள்லயே உருப்படியான பெர்ஃபார்மன்ஸ் அப்கிரேடு எதுன்னு கேட்டா, நான் அந்த மோட்டாரைத்தான் சொல்வேன்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி...

மேல சொன்ன விலையெல்லாம் அப்போதைய விலை. இந்த மார்க்கெட் தங்கம் மாதிரி. 2025 கடைசியில ராம் விலை எகிறின எகிறு ஊருக்கே தெரியும். அதனால விலையை விட்டுட்டு விகிதத்தைப் பிடிச்சுக்குங்க. கேமுக்குன்னா, கிராபிக்ஸ் கார்டுக்குப் போற பணம் பிராசஸருக்குப் போறதைவிட அதிகமா இருக்கணும். ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு இருந்தா நிம்மதி. எஸ்.எம்.பி.எஸ்.ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அது போனா தனியா போகாது, துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போகும்!

ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருக்கா? பத்து பைசா செலவில்லாத டெஸ்ட் ஒண்ணு சொல்றேன். ஃப்ரேம் லிமிட், வி-சிங்க் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, கேம்ல ரெசல்யூஷனைக் குறைச்சுப் பாருங்க. ஃப்ரேம் ஜிவ்வுனு ஏறினா, இவ்வளவு நாள் திணறினது கார்டு. பிராசஸரை மாத்தி பிரயோஜனம் இல்லை. ஃப்ரேம் அப்படியே நின்னா, திணறினது பிராசஸர் பக்கம்; அதை மாத்தறதுல அர்த்தம் இருக்கு. கேம் ஓடும்போது கார்டு யூசேஜ் 97, 98 சதவிகிதம்னு காட்டினாலும் அதே தீர்ப்புதான்... கார்டுதான் திணறுது.

இந்த டெஸ்ட்டைப் பண்ணாம ‘ஐ9 குடுங்கண்ணே’ன்னு நேரா கடைக்குப் போய் நின்னீங்கன்னா, கடைக்காரர் ரொம்ப சந்தோஷமா ஸ்டூல் போட்டு, டீ சொல்லி உட்கார வைப்பார். அந்த டீயோட விலை முப்பதாயிரம் ரூபாய். ஆறிப் போறதுக்குள்ள யோசிச்சுக்குங்க பாஸ்!